பனிமனிதனை என்ன செய்வது? தொடக்கநிலை 2 பிள்ளைக்குப் பருவக் கைவேலை தேவை

தெம்பனிஸ்_அம்மா
வணக்கம். மார்ச் விடுமுறை தொடங்கிவிட்டது. மகள் போகும் மாணவர் பராமரிப்பு நிலையத்தில் ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நான்கு கட்டம். ஒன்றில் பூத்த மரம், ஒன்றில் கடற்கரை, ஒன்றில் ஆரஞ்சு இலைகள், கடைசியில் பனிமனிதன். வண்ணம் தீட்டி, பனிமனிதனுக்குப் பஞ்சு ஒட்டிக் கொண்டுவர வேண்டுமாம்.

"நாம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் அம்மா?" என்று கேட்டாள். கடற்கரை என்றேன். "அப்போ டிசம்பரில்?" அதுவும் கடற்கரைதான் என்றேன். "மீதி மூன்று கட்டம் யாருக்கு?" என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். எனக்குத்தான் அது மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பஞ்சை ஒட்டிவிடுவோம், அதில் சண்டை இல்லை. ஆனால் விடுமுறை ஒரு வாரம் இருக்கிறது. நம் ஊர்ப் பருவத்தை வைத்து ஏதாவது செய்ய வைக்கலாமா? மூவறை வீடு, இடம் குறைவு. மூன்று வயதில் ஒரு தம்பி இருக்கிறான், கையில் கிடைப்பதெல்லாம் நேராக வாய்க்குப் போகும். அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

மழைக்காலத்_தவளை
சிங்கப்பூரில் இரண்டே பருவம்தான் அக்கா. ஒன்று வெளியே வேர்க்கும் பருவம், இன்னொன்று கடைத்தொகுதிக்குள் நடுங்கும் பருவம். இரண்டாவதற்குப் பனிமனிதன் பொருந்தும்.

செம்பருத்தி
நான் பனிமனிதன் பக்கம். என் மகன் சிங்கத்தையும் காட்டில் பார்த்ததில்லை, வரைவதை நிறுத்தச் சொல்ல முடியுமா? புத்தகத்தில் படித்ததை, படத்தில் பார்த்ததைக் கற்பனை செய்து வரைவதும் கலைதானே. எல்லாவற்றையும் "நம் ஊர், நம் ஊர்" என்று சுருக்க வேண்டியதில்லை.

சுண்ணாம்புக்கட்டி
செம்பருத்தி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். தொடக்கப்பள்ளியில் பல வருடம் ஓவியம் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பிள்ளை தானாகப் பனிமனிதனை வரைந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அச்சடித்த பனிமனிதன் மேல் முப்பது பிள்ளைகள் முப்பது பஞ்சு ஒட்டுவதில் கற்பனை எங்கே இருக்கிறது? தாளில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்த்தால்தான் யார் செய்தது என்று தெரியும்.

தெம்பனிஸ் அம்மா, உங்கள் மகள் நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். நம் ஊரில் அந்த நான்கும் இல்லை, உண்மைதான். ஆனால் ஒன்றுமே மாறவில்லை என்பது சரியில்லை. இப்போது மார்ச். உங்கள் அடுக்குமாடி புளோக்குக் கீழே இறங்கிச் சாலையோரம் பாருங்கள். டிரம்பெட் மரம் எங்காவது பூத்திருக்கும் அல்லது பூக்கத் தயாராக இருக்கும். சில நாள் வறட்சி, பிறகு நல்ல மழை, அதற்குப் பின் வெளிர்சிவப்பிலும் வெள்ளையிலும் கொத்துக் கொத்தாகப் பூக்கும். பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் ஒரு முறை, ஆகஸ்ட், செப்டம்பரில் இன்னொரு முறை. எல்லோரும் "சிங்கப்பூர் சக்குரா" என்று படம் எடுப்பார்களே, அதுதான். ஜப்பானில் பூக்கும் சக்குரா செர்ரி மரத்துக்கும் அதற்கும் உறவில்லை.

இதை வீட்டில் செய்ய எளிய வழி உண்டு. கரும்பழுப்பு நிறத்தைத் தண்ணீராகக் கரைத்துத் தாளின் கீழ் ஓரத்தில் ஒரு பெரிய சொட்டு விடுங்கள். உறிஞ்சுகுழலால் ஊதினால் கிளை கிளையாக ஓடும். யாருக்கும் ஒரே மாதிரி மரம் வராது. காய்ந்ததும் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பகுதியை வெளிர்சிவப்பில் தோய்த்து ஒற்றி எடுக்க வேண்டும். பல பாட்டில்களின் அடி ஐந்து மேடாக இருக்கும், டிரம்பெட் பூவுக்கும் ஐந்து இதழ். பூவை வரைய வராத பிள்ளைக்கும் கைவரும். தாளின் கீழ்ப்பகுதியிலும் பூ ஒற்றச் சொல்லுங்கள், ஏனென்றால் நாம் அந்தப் பூவை அதிகம் பார்ப்பது தரையில்தான்.

ஆரஞ்சு இலை கேட்டாளா? ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போங்கள். கடற்கரை ஓரம் பெரிய இலையுள்ள கெத்தாப்பாங் மரம் நிற்கும், ஊரில் நாட்டு வாதுமை என்பார்களே, அது. உதிர்வதற்கு முன் இலை மஞ்சள், ஆரஞ்சு, கருஞ்சிவப்பு என்று மாறும். ஆண்டுக்கு இரண்டு முறைகூட இலை உதிர்க்கும். ஆக, இலையுதிர் காலம் நம் ஊரில் மரத்துக்கு மரம் வேறு. ஒரு மரத்துக்கு இலையுதிர் காலம், பக்கத்து மரத்துக்கு வசந்தம். அந்தத் தாளின் நான்கு கட்டமும் ஒரே தெருவில் நிற்கும், பனிமனிதன் மட்டும் வராது.

தெம்பனிஸ்_அம்மா
ஆசிரியரே, அந்தக் கடைசி வரியை அவளிடம் வாசித்துக் காட்டினேன். "அப்போ எனக்கு நான்கு கட்டம் போதாது" என்கிறாள்!

ஒரு சந்தேகம். போன வருடம் இலைகளைப் பெரிய புத்தகத்தில் வைத்து அழுத்தினோம். இரண்டு வாரத்தில் பூஞ்சை பிடித்து நாறிவிட்டது. புத்தகமும் போச்சு.

சுண்ணாம்புக்கட்டி
இங்கே காற்றில் இருக்கும் ஈரத்துக்குப் புத்தகம் சரிவராது. செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, ஆவி இல்லாமல் மிதமான சூட்டில் நீங்களே இஸ்திரி போடுங்கள். தாள் ஈரமானதும் மாற்றி மறுபடியும். பிறகு வெள்ளைப் பசையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து இரண்டு பக்கமும் பூசிக் காயவிடுங்கள். நிறம் மங்கத்தான் செய்யும், ஆனால் நாறாது.

இன்னும் ஒன்று. பொறுக்குவது எல்லாம் தரையிலிருந்துதான். பூங்காவில் செடியிலிருந்து பறிப்பது குற்றம். புக்கிட் தீமா மாதிரி இயற்கை வனப்பகுதிகளில் கீழே கிடப்பதைக்கூட எடுக்கக் கூடாது. பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உட்லண்ட்ஸ்_பாட்டி
பருவம் நான்கு என்று யார் சொன்னது? நமக்கு ஆறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். பேத்திக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள் முதலில். பனிமனிதன் இல்லாமலே இரண்டு பனி நமக்கு இருக்கிறது.

மழைக்காலத்_தவளை
பாட்டி, அந்த ஆறும் இங்கே செல்லாதே. முன்பனிக் காலம் மார்கழியில். நம் மார்கழியில் வடகிழக்குப் பருவமழை ஊற்றிக்கொண்டிருக்கும். அதுவும் இன்னொரு ஊரின் தாள்தான். நம்முடையது என்பதால் நமக்குத் தெரியவில்லை.

உட்லண்ட்ஸ்_பாட்டி
பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. சரி, ஒப்புக்கொள்கிறேன். தஞ்சாவூர்ப் பனியை உட்லண்ட்ஸில் தேட முடியாதுதான்.

அப்படியென்றால் கையில் இருப்பதைச் சொல்கிறேன். ஆரத்தி கரைப்போம் அல்லவா? மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கும். அதையே பிள்ளைகளுக்கு வைத்துக்கொடுத்தேன். மஞ்சள் தண்ணீரைத் தாளில் பூசிக் காயவைத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரைத் தூரிகையில் தொட்டு வரையச் சொன்னால், தண்ணீர் பட்ட இடம் செம்பழுப்பாக மாறும். சுண்ணாம்பு பிள்ளைகள் கைக்கு ஆகாது, சோடா போதும். வாசலில் சங்குப்பூக் கொடி வைத்திருக்கிறேன். வெந்நீரில் ஊறவைத்தால் நீலம், எலுமிச்சை பிழிந்தால் ஊதா. இங்குள்ள சீன-மலாய் மரபினரான பெரனாக்கான்களின் பலகாரத்தில் அந்த நீலத்தைப் பார்த்திருப்பீர்கள். இந்த நிறமெல்லாம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், அதனால் சன்னல் பக்கம் மாட்டாதீர்கள்.

கோலத்தை விட்டுவிடாதீர்கள். பொங்கலுக்கு மாடி வீட்டு வாசல் நடைபாதையில் வண்ண உப்பில் போட்டேன். இரவு முழுக்க மழை, சாரல்கூட உள்ளே வரவில்லை, ஆனாலும் விடிந்து பார்த்தால் உப்பு ஈரத்தை இழுத்துக் கசிந்து, மயில் வாத்தாகிவிட்டது. அடுத்த வருடம் வண்ண அரிசியில் போட்டேன். மைனா வந்து பாதித் தாமரையைத் தின்றுவிட்டது. பேத்தி அழுதாள். "அரிசிக் கோலம் போடுவதே எறும்பும் குருவியும் தின்னத்தானடி" என்றேன். அதற்கப்புறம் தினம் ஒரு பிடி வைத்துவிட்டு மைனா எந்தப் பக்கத்திலிருந்து தின்கிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

செம்பருத்தி
பாட்டி, நடைபாதையில் அரிசி வைத்தால் புறாவும் வரும். புறாவுக்கு இரை போட்டால் இங்கே அபராதம். அழகான கதைதான், ஆனால் கவனம்.

உட்லண்ட்ஸ்_பாட்டி
அதுவும் சரிதான். இப்போது தட்டில் போட்டு, பார்த்து முடித்ததும் எடுத்துவிடுகிறோம். மைனாவுக்குத்தான் கோபம்.

பூன்லே_வாப்பா
நான் ஒன்று கேட்கிறேன். பருவம் என்றால் ஏன் எல்லோரும் பூவையும் இலையையுமே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? என் பிள்ளைகளுக்குப் பருவம் என்றால் டுரியான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூக்கே சொல்லிவிடும். முட்டை அட்டையைக் கத்தரித்துக் கூம்பு கூம்பாகப் பந்தின் மேல் ஒட்டி, செய்தித்தாளும் பசையும் சுற்றி, டுரியான் செய்தோம். உள்ளே மஞ்சள் சுளைக்குப் பழைய காலுறை. காய மூன்று நாள் ஆனது, மின்விசிறியை அதன் பக்கமே திருப்பி வைத்திருந்தோம், நாங்கள் வேர்த்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு பருவமும் உண்டு, யாரும் வரையச் சொல்ல மாட்டார்கள். அண்டை நாட்டில் காடு எரிந்து வரும் புகைமூட்டம். 2015-ல் என் பெரியவனுக்கு ஏழு வயது. செப்டம்பர், அக்டோபர் முழுக்க சன்னலைச் சாத்தியே வைத்திருந்தோம். அவன் வீட்டு எதிரே இருக்கும் புளோக்கைப் பென்சிலால் வரைந்து, அதன் மேல் ஒரு மெழுகுத்தாளை ஒட்டினான். இன்னொரு நாள் இரண்டு மெழுகுத்தாள். ஒரு நாள் ஐந்து. ஐந்தாவதில் புளோக் தெரியவே இல்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்றும் அந்த மூன்று படமும் என் அலமாரியில் இருக்கின்றன.

சுண்ணாம்புக்கட்டி
வாப்பா, நான் வகுப்பில் இத்தனை வருடம் செய்ய வைத்த பருவ வேலைகளில் இதற்குப் பக்கத்தில் வருவது ஒன்றுகூட இல்லை. உண்மையாகச் சொல்கிறேன்.

எங்கள் பாடத்திட்டம் எப்படிப் போகும் தெரியுமா? ஜனவரி பிப்ரவரியில் அங் பாவ் உறைகளை, அதாவது சீனப் புத்தாண்டுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு உறைகளை, மடித்து விளக்கு. நோன்புப் பெருநாளுக்கு நாடாவில் கெத்துப்பாட் பின்னல், மலாய்க்காரர்கள் அரிசி வேகவைக்கும் ஓலைக்கூடு மாதிரி. ஆகஸ்டில் கொடி. அப்புறம் சீனர்களின் நடு இலையுதிர்க்கால விழாவுக்குத் தாள் விளக்கு, தீபாவளிக்கு மயில், டிசம்பருக்கு முன்னாலேயே கிறிஸ்துமஸ் மரம். ஒவ்வொன்றும் தனியாக நல்ல வேலைதான். கெத்துப்பாட் பின்னலை நான் மிகவும் மதிக்கிறேன், இரண்டு நாடாவை வைத்துக் கொண்டு பிள்ளை படும் பாடு இருக்கிறதே, அதற்குள் ஒரு முழுக் கணக்குப் பாடம் இருக்கிறது. ஆனால் விழாவுக்கு விழா ஓடி ஓடி வகுப்பறை அலங்காரத் தொழிற்சாலை ஆகிவிடும். பிள்ளை சன்னல் வழியாக வெளியே பார்த்து வரைய நேரம் இருக்காது.

செம்பருத்தி
ஆனால் ஆசிரியரே, அந்த விழா வரிசைதான் நம் ஊரின் உண்மையான பருவம் என்று எனக்குத் தோன்றுகிறது. சிராங்கூன் சாலையில் விளக்கு ஏறினால் தீபாவளி வருகிறது என்று பிள்ளைக்குத் தெரியும். கேம்பல் லேனில் கரும்பு வந்து இறங்கினால் பொங்கல். மரத்தைப் பார்த்து மாதம் சொல்லும் பிள்ளை எத்தனை பேர்? பெரியவர்களிலும் அப்படித்தான். 2023 பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவில் 26,000 ஐஸ்குச்சிகளை வைத்துத் திருவள்ளுவர், ஔவையார், பாரதியார், பாரதிதாசன் உருவங்களை ரங்கோலியாகச் செய்தார்களே, என் மகன் அதைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் குச்சி சேர்த்தான். அது பருவ வேலை இல்லையா?

சுண்ணாம்புக்கட்டி
பருவ வேலைதான். நீங்கள் சொல்லும் விதத்தில் பார்த்தால் வாதமே இல்லை: உங்கள் மகன் தெருவில் ஒன்றைப் பார்த்தான், வீட்டுக்கு வந்து குச்சி சேர்த்தான். நான் குறை சொல்வது, பார்க்காமலேயே கையில் கொடுக்கும் மயிலை. எத்தனை குச்சி சேர்த்தான்?

செம்பருத்தி
நாற்பத்திரண்டு. அதற்காக நாற்பத்திரண்டு ஐஸ்கிரீமை யார் தின்றது என்று கேட்காதீர்கள்.

பொங்கோல்_பொறியாளர்
தாமதமாக வருகிறேன். யாரும் சூரியனைப் பற்றிப் பேசவில்லையே. நம் ஊரில் பருவம் மிகச் சுத்தமாகத் தெரியும் ஓர் இடம் உண்டு, நிழல்.

நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு பாகைக்குச் சற்றே கூடுதல் தொலைவில் இருக்கிறோம். ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், நண்பகல் நிழல் தெற்கே விழும். டிசம்பரில் சூரியன் தெற்கே, நிழல் வடக்கே. நடுவில் மார்ச் 23, 24 வாக்கில் நேர் உச்சி. அன்று நண்பகலில் நேராக நிறுத்திய பொருளுக்கு நிழல் அநேகமாக இருக்காது. செப்டம்பரிலும் ஒரு முறை இப்படி வரும். ஐரோப்பாவில் இருக்கும் பிள்ளைக்கு இது கிடைக்காது. அவர்களுக்குப் பனிமனிதன், நமக்கு இது.

வேலை இதுதான். பெரிய வெள்ளைத்தாள் ஒன்று, 20 சென்டிமீட்டர் உயரப் பொம்மை ஒன்று. திறந்த வெளியில், அடுக்கு வாகன நிறுத்தத்தின் மேல்தளம் மாதிரி இடத்தில், தாளை எப்போதும் ஒரே திசையில் வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை நண்பகலில் நிழலின் ஓரத்தைப் பிள்ளை வரைந்து அந்த மாத நிறத்தைத் தீட்ட வேண்டும். ஜூன் கடைசியில் தெற்கே சுமார் 8 சென்டிமீட்டர், டிசம்பர் கடைசியில் வடக்கே சுமார் 9. வருடம் முழுக்கச் செய்தால் ஒரே பொம்மையைச் சுற்றி இரண்டு பக்கமும் நிழல் விரிந்த படம் கிடைக்கும்.

முக்கியம்: 12 மணிக்கு இல்லை. 1982 தொடக்கத்தில் நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அதனால் நமக்கு உண்மையான நண்பகல் மதியம் 1 மணி வாக்கில்தான். மார்ச்சில் 1.10 வாக்கில் பாருங்கள்.

மழைக்காலத்_தவளை
அண்ணா, இது கலையா அறிவியலா?

பொங்கோல்_பொறியாளர்
என் மகள் ஜூன் நிழலுக்கு டுரியான் மஞ்சள் தீட்டினாள், டிசம்பருக்குச் சாக்கடைத் தண்ணீர் நிறம். நீங்களே சொல்லுங்கள்.

மழைக்காலத்_தவளை
சரி, தோற்றேன். என் பங்குக்கு மழை. மெழுகுவத்தியால் தாளில் சாய்வாகக் கோடு போட்டு, மேலே சாம்பல் நீலத் தண்ணீர் வண்ணம் பூசினால் கோடுகள் வெள்ளையாக எழும்பி மழையாகும். டிசம்பர் மழைக்கு நேர்க்கோடு, விடியற்காலையில் அடிக்குமே சுமத்ரா சூறை, அதற்குப் படுத்த கோடு. இன்னொரு வழி, தாளில் வண்ணப்பொடி தூவிச் சாரலில் பத்து விநாடி நீட்டுவது. மழையே வரைந்து கொடுக்கும். ஆனால் தாள் வைத்த தட்டை நடைபாதைச் சுவர் மேல் வைக்காதீர்கள், பதினைந்தாம் மாடியிலிருந்து விழுந்தால் கலை இல்லை, வழக்கு. இடி இடித்தால் உள்ளே வந்துவிடுங்கள்.

தெம்பனிஸ்_அம்மா
எல்லோருக்கும் நன்றி, ஒரு வாரம் எழுத நேரமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பஞ்சு ஒட்டிய தாளைக் கொடுத்தாகிவிட்டது. அது தனி. வீட்டில் ஒரு நீளச் சுருள்தாளைச் சுவரில் ஒட்டினோம். புளோக்கைச் சுற்றி நடந்து, தரையில் கிடப்பதில் ஒன்றை வாரம் ஒரு முறை கொண்டுவந்து ஒட்டுவது அல்லது வரைவது என்று முடிவு. முதல் வாரம் டிரம்பெட் பூ. மூன்றே நாளில் பழுப்பாகிவிட்டது, அதையும் பக்கத்திலேயே வரைந்து வைத்தாள். கிளை ஊதினாள், தம்பியும் ஊதினான், சுவரில் இன்னும் இரண்டு கிளை இருக்கிறது.

ஒரு கேள்வி. பூங்காவில் சிவப்பு மணி மாதிரி விதை நிறையப் பொறுக்கினாள். குன்றிமணியா? தம்பி இருப்பதால் பயமாக இருக்கிறது.

உட்லண்ட்ஸ்_பாட்டி
முழுக்கச் சிவப்பா, கறுப்புப் பொட்டு இருக்கிறதா?

தெம்பனிஸ்_அம்மா
முழுக்கச் சிவப்பு. பொட்டு இல்லை. கொஞ்சம் தட்டையாக, இதயம் மாதிரி.

உட்லண்ட்ஸ்_பாட்டி
அப்போ மஞ்சாடி. இங்கே சாகா என்பார்கள். ஆனைக்குன்றிமணி என்றும் நம்மில் சொல்வதுண்டு, அதனால்தான் குழப்பம். பொட்டு வைத்த குன்றிமணி கடும் விஷம், வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். மஞ்சாடி அப்படி இல்லை, ஆனாலும் பச்சையாக வாயில் போடக் கூடாது, தொண்டையிலும் அடைக்கும். தம்பி தூங்கும்போது மட்டும் வெளியே எடுங்கள், எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரே எடை இருக்கும், நான்கு சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு கிராம். அந்தக் காலத்தில் பொன் நிறுக்க வைத்திருந்தார்கள்.

தெம்பனிஸ்_அம்மா
எண்ணியாகிவிட்டது. 63. இரவு அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

நிழல் வேலையும் செய்தோம் அண்ணா. 24-ம் தேதி பள்ளி, அதனால் அந்தச் சனிக்கிழமை, 1.10-க்கு வாகன நிறுத்தத்தின் மேல்தளம். பொம்மை, தாள், தண்ணீர் பாட்டில், தம்பி, குடை எல்லாம் தூக்கிக்கொண்டு போனோம். நேராக நிறுத்தினாள், குனிந்து பார்த்தாள், "நிழல் இல்லை" என்று பெரிதாக எழுதித் தேதியும் போட்டுவிட்டாள். நானும் கை தட்டினேன். அப்புறம்தான் பார்த்தேன், எனக்கும் நிழல் இல்லை, குடைக்கும் இல்லை. வானம் முழுக்க மேகம்.

அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நாளை ஞாயிறு மறுபடி போகலாமா, நாள் தாண்டிவிட்டதா?

பொங்கோல்_பொறியாளர்
தாராளமாகப் போங்கள். ஐந்து நாள் தள்ளிப் போனாலும் அந்தப் பொம்மைக்கு நிழல் முக்கால் சென்டிமீட்டரைத் தாண்டாது, அதுவும் தெற்குப் பக்கம். இன்றைய தாளைக் கிழிக்க வேண்டாம். மேகத்தை வரையச் சொல்லுங்கள்.